அம்மாவுக்கு ஈரல்ல புழுக்கட்டி, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. நமக்கு நாங்குநேரி பக்கம். அம்மாவுக்கு 58 வயசு, சின்னதுலேருந்தே ஆட்டுக்கிடையோட அலைஞ்சவ. வலது விலாவுக்குக் கீழ கனமா இருக்குன்னா. ஸ்கேன்ல ஈரல்ல சாத்துக்குடி அளவு கட்டி, உள்ள தண்ணி, அதுக்குள்ள கோலிக்குண்டு மாதிரி குட்டிக் கட்டிகள். ஹைடாட்டிட்னு எழுதியிருக்காங்க. நாய்க் குடல்ல இருக்க நாடாப்புழுவோட முட்டை, கை வழியாவோ கீரை வழியாவோ உள்ள போயி வருஷக்கணக்கா வளருமாம்.

சுவிட்சர்லாந்துல இருக்க சித்தி மவன் கேட்டதும் பதறிட்டான். அங்க வெறிநோய் மருந்தை இரையில வச்சுப் போட்டு நரியைக் காப்பாத்த, நரி பெருகி, நரிப்புழு நோயும் மனுசங்களுக்குக் கூடிருச்சாம். அது ஈரலைப் புத்துநோய் மாதிரி அரிக்குமாம். டாக்டர்ட்ட கேட்டேன். அது வேற இனம், இது நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவுல சுத்துறதுன்னாரு. பாதி உசுரு திரும்பிச்சு.

இப்ப அம்மாவுக்கு அல்பெண்டசோல்னு புழு மாத்திரை ஓடுது. முதல்ல காட்டின இடத்துல ஊசி குத்தித் தண்ணி எடுத்துப் பாக்கலாம்னாங்க. அப்படியே குத்தினா தண்ணி கசிஞ்சு உசுருக்கே ஆபத்தாகும்னு பெறவுதான் தெரிஞ்சுது. உங்க வீட்டுல யாருக்காவது இதுக்கு ஆபரேசன் பண்ணியிருக்கா? நெல்லையிலயா, மதுரையிலயா? எத்தனை நாள் படுக்கை?

இன்னொண்ணு. கிடையில நாலு நாய். ஆடு அறுத்தா கட்டி விழுந்த ஈரலை அதுகளுக்குத்தான் வீசுவோம், அதான் வினை. நாய்களுக்குப் பிராசிகுவான்டல்ங்கிற நாடாப்புழு மாத்திரை எத்தனை நாளைக்கு ஒருக்கா குடுக்கணும்? ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு நாயைக் கொண்டு போனவங்க இருந்தா சொல்லுங்க.