‘நிரப்பு உலோகம்’ வேண்டாம், ‘ஊட்டு உலோகம்’ வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வெல்டிங்கில் (பற்றவைப்பில்) இணைப்புக்குள் உருக்கிச் சேர்க்கும் ‘ஃபில்லர் மெட்டலுக்கு’த் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், ‘நிரப்பு உலோகம்’ போதும் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். கொதிகலன் குழாய்களை வைத்துப் பார்த்தால் எனக்கு அது ஒட்டவில்லை. இணைப்பின் பள்ளத்தை எதைப் போட்டும் நிரப்பலாம். வெப்பம் தாங்கும் எஃகில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் இணைப்பின் ஆயுளே இருக்கிறது.

டி-22 என்ற எஃகு வகைக் குழாயில் 2.25 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம். அதற்கு ஈஆர்90எஸ்-பி3 என்ற வெல்டிங் கம்பி. சேர்மானம் ஏறக்குறைய அதேதான். 9 சதவீதம் குரோமியம் உள்ள டி-91 என்றால் ஈஆர்90எஸ்-பி9. இந்தக் கம்பியில் நிக்கலும் மாங்கனீசும் கூடினால், எஃகு உருமாறத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிவிடும். அப்புறம் வெல்டு செய்த பிறகு 760 பாகை செல்சியஸ் வாக்கில் சூடேற்றிப் பதப்படுத்தும்போது, பதமாக வேண்டிய பகுதி ஆஸ்டினைட்டாக (உயர் வெப்பத்தில் எஃகு எடுக்கும் படிக வடிவமாக) மாறி, ஆறியதும் மறுபடி கடினமாகிவிடும்.

டி-22 குழாயைத் துருப்பிடிக்காத எஃகோடு இணைக்கும் இடத்தைப் பாருங்கள். 309 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டால் வெல்டு பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் சூட்டில் அது டி-22ஐ விட அதிகம் விரியும். கார்பனும் குரோமியம் மிகுந்த வெல்டுப் பக்கம் நகரும். கொதிகலனை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எல்லையில் இழுபறி, கடைசியில் டி-22 பக்கம் விரிசல். நிக்கல் கம்பியின் விரிவு டி-22க்கு நெருக்கம், கார்பன் நகர்வும் குறைவு. விலை கூடினாலும் அதையே போடுவது அதனால்தான்.

எனவே ‘ஊட்டு உலோகம்’ என்று முன்மொழிகிறேன். டிக் (டங்ஸ்டன் மின்முனை வில்) முறையில் வெல்டர் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்து, மறுகையால் உருகிய குட்டையின் முன்விளிம்பில் கம்பியைத் தொட்டுத் தொட்டுக் கொடுக்கிறாரே, அது ஊட்டுவதுதான். கொடுத்தது தாய் உலோகத்தோடு, அதாவது இணைக்கப்படும் உலோகத்தோடு, கலந்தும் விடுகிறது. ‘தாய் உலோகம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ஜோடியும் பொருந்தும். கம்பியாக வந்தால் ஊட்டுக்கம்பி. எதுவும் கொடுக்காமல் விளிம்புகளையே உருக்கி இணைத்தால் ஊட்டிலாப் பற்றவைப்பு.

இன்னொரு பரிந்துரையான ‘சேர்ப்பு உலோகம்’ நல்ல யோசனைதான், ஆனால் எஃகில் சேர்க்கும் குரோமியத்தையும் அப்படித்தானே சொல்வோம்? பட்டறையில் ‘ராடு’ என்பது பூச்சுள்ள மின்முனைக்கும் டிக் கம்பிக்கும் பொது. அது பேச்சில் அப்படியே இருக்கட்டும். எழுத்தில் இரண்டையும் அடக்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். வார்ப்பு ஆறிச் சுருங்கும்போது உருகிய உலோகம் கொடுக்கும் ஃபீடருக்கு ‘ஊட்டி’ என்று வைத்தால் இதோடு மோதுமா? வார்ப்படத் துறை நண்பர்கள் சொல்லுங்கள்.