மறு: 'நீரிழப்பு' பொருந்தாது, 'ஆவியெழுகை' என்று வைப்போமா?

அனைவருக்கும் வணக்கம். மண், நீர்ப்பரப்பு, பயிர் எல்லாவற்றிலும் இருந்து சேர்ந்து எழும் நீராவிக்கு (ஆங்கிலத்தில் evapotranspiration) மாணவர் குறிப்பேட்டில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி. அண்ணன் எழுதியிருந்தது:

> மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் நீர் போகிறது, அவ்வளவுதானே? 'நீரிழப்பு' என்று போட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

அண்ணன், விளங்கும்தான், ஆனால் வேறொன்றாக விளங்கிவிடும் என்பதே என் பயம். வயிற்றோட்டம் வந்த பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கே சொல்கிற சொல் நீரிழப்பு. வாய்க்காலில் ஒழுகுவதும் குளக்கட்டில் கசிவதும் நீரிழப்புத்தான். அதைவிட, அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வாவிக்கரைக் கண்டல் மரம் காபனீரொட்சைட்டை எடுக்க இலைவாயை (இலையிலுள்ள நுண்துளையை) திறக்கிறது, அதே வழியால் நீராவி வெளியே போகிறது, இலை குளிர்கிறது. மரம் உயிர்வாழும் விதம் அது. அதை இழப்புக் கணக்கில் எழுதினால், மரத்தை வெட்டினால் தண்ணீர் மிஞ்சும் என்று வாசிக்க நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

சரி, இருக்கிற சொற்கள் போதாதா? செடி வெளிவிடுவதை எங்கள் இலங்கைப் பாடநூல்கள் ஆவியுயிர்ப்பு என்கின்றன, தமிழ்நாட்டில் நீராவிப்போக்கு. மண்ணிலும் நீர்ப்பரப்பிலும் இருந்து போவது இரண்டு இடத்திலும் ஆவியாதல். இரண்டும் சேர்ந்ததற்குத்தான் கைக்கு அடக்கமான பெயர் இல்லை. ஆவியுயிர்ப்பையே இரண்டுக்கும் நீட்டலாம் என்று அக்கா எழுதியிருந்தார், ஆனால் உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை அதைக் கேட்டதும் செடியை மட்டுமே நினைக்கும்.

செய்மதி வேலையில் இது பெரிய சிக்கல். நிலத்திலிருந்து எழும் ஆவியைச் செய்மதி நேரே அளப்பதில்லை. லான்ட்சாட் 8, 9 என்ற செய்மதிகள் இரண்டும் காலை பத்து மணியளவில் எங்கள் தலைக்கு மேலால் போகும்போது நிலத்தின் வெப்பத்தைப் பதிகின்றன, ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை, இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒருமுறை. நிலத்துக்குக் கிடைத்த தேறிய கதிர்வீச்சில் (வந்ததில் திரும்பிப் போனதைக் கழித்தது), மண்ணைச் சூடாக்கியதையும் காற்றைச் சூடாக்கியதையும் கழித்தால் மிஞ்சுவது நீரை ஆவியாக்கச் செலவான சக்தி. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2.45 மெகாயூல் வேண்டும், ஆகவே மிச்சத்தை மில்லிமீற்றராக மாற்றிவிடலாம். இப்படிக் கழித்து வரும் எண்ணில் பயிர் விட்டது எவ்வளவு, சேற்றிலிருந்து போனது எவ்வளவு என்ற பிரிவே கிடையாது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (மழை குறைந்த காலத்து நெற்செய்கை) செய்கிற வட்டையை (வயல்வெளியை) எடுங்கள். விதைத்த புதிதில் வயலில் நிற்கும் தண்ணீரிலிருந்து போவது அதிகம், பயிர் மூடிய பிறகு இலை வழியாகப் போவது அதிகம், ஆனால் வெப்பப் படத்தில் இரண்டுமே வெறும் குளிர்ச்சிதான். எண் ஒன்றாக வருகிறபோது பெயரும் ஒன்றாக வேண்டும்.

நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 20,000 லீற்றர். இதை மாமாவிடம் சொன்னபோது "அது கச்சான் குடிக்கிற தண்ணி" என்றார். கச்சான் என்பது இங்கே வீசும் வறண்ட காற்று. வக்கடையை (வரப்பில் நீர் வடியும் வாயை) கட்டி வைத்தும் ஆடியில் வயல் காய்வதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். அந்தச் சொல்லையே எடுத்துவிடலாமா என்று எனக்கு ஆசை, ஆனால் அது கச்சான் காற்று வீசும் மாதங்களோடு நின்றுவிடும், மார்கழிக்குப் பொருந்தாது.

அப்புறம்தான் 'ஆவியெழுகை' தோன்றியது. எங்கிருந்து எழுந்தது என்று அது சொல்வதில்லை, எழுந்தது என்று மட்டும் சொல்கிறது, நமக்குக் கிடைக்கும் எண்ணும் அதே அளவுதான் சொல்கிறது. வாவியின் இரு பக்கத்தையும் சூரியன் எழும் எழுவான்கரை, படும் படுவான்கரை என்று பேசுகிற எங்களுக்கு 'எழு' அன்றாடச் சொல். 'எழுச்சி' என்று போட்டால் மேடைப் பேச்சு நினைவுக்கு வரும், 'நீரெழுகை' என்றால் வெள்ளம் என்று நினைப்பார்கள், அதனால் இரண்டையும் விட்டேன். ஆவி என்றால் பேயை நினைக்க மாட்டார்களா என்ற கேள்விக்கு, தினமும் பிட்டு ஆவியில் அவிகிற வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது நீராவிதான்.

அடைமொழி சேர்த்துப் பார்த்தேன், தாங்குகிறது. செய்மதி காட்டுவது 'நிகழ் ஆவியெழுகை'. மாரியில் முகில் மூடிவிட்டால் வெப்பப் படம் கிடைக்காது (சென்டினல் 1 செய்மதியின் ரேடார் முகிலூடாகப் பார்த்து வெள்ளம் நிற்கும் இடத்தைக் காட்டும், வெப்பத்தைக் காட்டாது), அப்போது வானிலைத் தரவிலிருந்து கணக்கிடுவது 'ஒப்பீட்டு ஆவியெழுகை'. தண்ணீர்க் குறையில்லாத 12 சென்டிமீற்றர் புல்வெளியை அடிப்படையாக வைத்து ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 1998இல் வெளியிட்ட முறை அது. வெப்பப் படம் கிடைக்கிற நாளில் நிகழ் ஆவியெழுகையை ஒப்பீட்டு ஆவியெழுகையால் வகுத்தால் தாவரம் தண்ணீருக்குத் தவிக்கிறதா என்று பார்க்கலாம். தண்ணீர் குறைந்தால் இலை பழுக்கும் முன்பே இலைவாய் மூடும், இலை சூடேறும், பச்சையை மட்டும் பார்க்கும் படத்தில் அது தெரியாது. கிட்டங்கிப் பக்கம் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மூடிய நீரும் வயலும் ஒரே பச்சையாகத் தெரிகிற படத்தை வைத்து எவ்வளவுதான் சொல்ல முடியும்?

எனக்குத் திருப்தி இல்லாத இடம் ஒன்று உண்டு: தண்ணீர் தாராளமாக இருந்தால் அந்த நிலத்திலிருந்து எழக்கூடிய அளவு. 'உச்ச ஆவியெழுகை' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் வருடத்திலேயே அதிகம் எழுந்த நாள் என்று படித்துவிடுவார்களோ? 'இயலளவு' பரவாயில்லையா? மாணவர் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து