பெங்களூரில் உட்கார்ந்து விடிய விடிய கூத்து: எட்டு வயது மகளுக்கு எங்கே தொடங்குவது?

ஹொரமாவு அம்மா கேட்கிறார்:

எங்களுக்குச் செய்யாறு பக்கம் சொந்த ஊர். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். மத்தியானம் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. இப்போது பல ஊர்க் கூத்து யூடியூபில் நேரலையாகவே வருகிறது. டிவியில் போட்டு நானும் மாமனாரும் பார்க்கிறோம். கர்ணன் பாட்டு வந்தால் மாமனாருக்குக் கண் கலங்கிவிடும். மகள் மட்டும் அரை மணியில் எழுந்து போய்விடுகிறாள். "எல்லாரும் கத்துறாங்கம்மா, ஒண்ணுமே புரியலை" என்கிறாள். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் வீட்டோடு சரி. இது அவளுக்கும் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. எந்தக் கதையில் தொடங்கலாம்?

அல்சூர்வாசி:

முதலில் சவுண்டைப் பாருங்கள். டிவி ஸ்பீக்கரில் முகவீணை (கூத்தில் ஊதும் சின்னக் குழல்) காதைக் குத்தும், வசனம் அமுங்கிப்போகும். குரலைத் தூக்கிக் கொடுக்கும் செட்டிங் இருந்தால் போட்டுவிடுங்கள். பாதி "கத்தல்" அதிலேயே அடங்கும்.

ஸ்ரீராமபுரம் பெரியவர்:

அம்மா, குழந்தையை ராத்திரி பத்து மணிக்கு முதலிலிருந்து உட்கார வைக்காதீர்கள். நேரலை முடிந்த பிறகும் பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும். மறுநாள் சாயங்காலம் போட்டு, ஒரே ஒரு வேஷம் வருவதை மட்டும் காட்டுங்கள், துரியோதனன் என்றால் இன்னும் நல்லது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான் தெரியும். உள்ளிருந்தபடியே பாடுவார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன், "யார், எந்த ஊர்" என்று கேட்டுக்கேட்டு ஆளை வெளியே இழுப்பான். திரை விலகியதும் வேஷக்காரர் சுற்றுகிற சுற்றில் தோளில் கட்டிய புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டெல்லாம் மின்னும். அந்தக் கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, லேசான மரம். இல்லையென்றால் அத்தனையையும் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆட முடியுமா?

கதை என்று கேட்டால் பகாசுரன். திரௌபதி துகிலுரிதல் வேண்டாம், இந்த வயதுக்குக் கனம். கர்ண மோட்சம் பிறகு தானாக வரும். பகாசுரனுக்கு வண்டி நிறையச் சோறு போகிறது, பீமன் வழியிலேயே தின்றுவிடுகிறான். எந்தக் குழந்தைக்கும் இது போதும். சில ஊர்களில் இதைப் பகலில் தெருவழியே வண்டி கட்டியே நடத்துவார்கள். ராத்திரி கதையை மாமனார் வாயால் முன்னாலேயே சொல்லிவிடட்டும். கதை தெரிந்தவர்கள் பார்ப்பதற்கென்றே அமைந்த கலை இது, புதிதாகக் கண்டுபிடிக்க அதில் எதுவும் இல்லை. பிறகு கட்டியங்காரன் பேசும் இடங்களை விடாதீர்கள். அவன் பேச்சு நம் வீட்டுப் பேச்சுதான், பாட்டில் புரியாததை அவனே திருப்பிச் சொல்லிவிடுவான்.

அர்ச்சுனன் தபசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரத்தில் ஏறிப் போவதையே கேமரா காட்டிக்கொண்டிருக்கும். அவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். அது திரையில் விழாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு நிமிடத் துண்டு வீடியோக்களில் மட்டும் பழக்காதீர்கள். வேகம் மட்டும்தான் அதில் இருக்கும், ராகம் இழுத்து நிற்கிற நிதானம் போய்விடும்.

இன்னொன்று. ஊரில் பார்த்தால் நடுவில் எழுந்துபோய்க் கையில் பணம் கொடுப்போம், மைக்கில் பெயர் சொல்வார்கள். வீட்டிலிருந்து பார்க்கிறவர்களும் கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் எல்லாம் அடைத்தபோது சீசன் அப்படியே போனது. வாங்கின அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்த கூத்து மன்றம் (குழு) எனக்கே தெரியும். அந்தக் குடும்பங்களுக்கு வருஷத்துச் சாப்பாடே இந்த சில மாதங்கள்தான்.

மல்லேஸ்வரம் சித்ரா:

பக்கத்திலேயே பெங்களூர் கரகத் திருவிழா இருக்கிறதே அக்கா! யுகாதி முடிந்து வரும் பௌர்ணமி ராத்திரி, திகளரபேட்டை தர்மராயசுவாமி கோயில். அதுவும் திரௌபதிக்குத்தான். வீரகுமாரர்கள் என்கிற காவல் பக்தர்கள் வாளோடு கூடவே வருவார்கள், ஊர்வலம் காட்டன்பேட்டை தர்காவில் நின்றுவிட்டுப் போகும். கன்னடச் சேனல்களில் நேரலை உண்டு. அன்றைக்கு மகள் விளக்கட்டும், தாத்தா கேட்கட்டும்.

ஹொரமாவு அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பகாசுரன் என்றதும் மாமனார் இப்போதே ஆரம்பித்துவிட்டார். பெரியவரே, ஒரு சந்தேகம். பணம் அனுப்பலாம் என்றால் திரையில் இரண்டு மூன்று நம்பர் தெரிகிறது. எது கலைஞர்களுடையது?

ஸ்ரீராமபுரம் பெரியவர்:

மேடைக்குப் பின்னால் பேனரில், மன்றத்தின் பெயருக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் வாத்தியார், அதாவது குழுத் தலைவர் நம்பர். சேனல் பெயரோடு ஓரத்தில் ஓடுவது வீடியோக்காரருடையது. பேசிவிட்டு அனுப்புங்கள். பகலில் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள், காலையில் தூங்குவார்கள்.