ஒப்பந்ததாரர் இல்லாமல் குளியலறையைப் புதுப்பிப்பது: எதை முதலில் செய்வது?

கேள்வி: கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரையும் நானே தனித்தனியாக அமர்த்தியிருக்கிறேன். ஒவ்வொருவரும் தன் வேலைதான் முதலில் என்கிறார். அம்மா முழங்கால் வலியோடு இதே வீட்டில்தான் இருப்பார். வரிசையைச் சொல்லுங்கள்.

பதில்: இடிப்பு, சுவருக்குள் போகும் குழாயும் வயரிங்கும், பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், கடைசியில் பெயின்ட். சுவரை மூடும் முன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு நன்கு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, 24 மணி நேரமாவது தரையில் தண்ணீர் தேக்குங்கள். கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தால் ஒரு டைல்கூட ஒட்ட விடாதீர்கள். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள், தயவுசெய்து.

பதில்: சுவர் திறந்திருக்கும்போதே அளவு நாடாவை வைத்துப் புகைப்படம் எடுங்கள், பிறகு துளையிடும்போது குழாய் எங்கே என்று தெரியும். அம்மாவுக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டுமல்லவா? அது ஆளின் எடையைத் தாங்க வேண்டும். இடத்தை இப்போதே குறித்து, அங்கே சுவரை உறுதியாக்கச் சொல்லுங்கள். வழுக்காத டைல்ஸ், வாசலில் படி இல்லாத தரை. கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கைப்பிடியை நான் யோசிக்கவே இல்லை. மிக்க நன்றி. கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, ஷவருக்குக் கீழே ஒன்று போதுமா?

பதில்: போதும். உயரத்தை அம்மாவை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் பார்த்து முடிவு செய்யுங்கள்.