வாசல் தோரணத்துக்கு எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) 250 டாலர் அபராதம்: கட்டணுமா?

கேள்வி:
கலிபோர்னியா, டவுன்ஹவுஸ். நிலையில் மாவிலைத் தோரணம், பக்கத்துச் சுவரில் பிள்ளையார் ஓடு, பின்முற்றத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்ட், பொது நடைபாதையில் கோலம். எல்லாத்துக்கும் சேர்த்து 250 டாலர்னு ஒரே கடிதம். விசாரணைக்குக் கூப்பிடவே இல்லை. மாதக் கட்டணத்தை நிறுத்தி வைக்கலாமா?

பதில் 1:
அதை மட்டும் செய்யாதீங்க. மாதக் கட்டணம் 15 நாள் தாண்டினா 10% இல்லைன்னா 10 டாலர், எது கூடுதலோ அதுவரை தாமதக் கட்டணம் போடலாம். 30 நாள் தாண்டினா 12% வரை வட்டியும் ஏறும். பாக்கி வளர்ந்தா சங்கம் வீட்டு மேலேயே கடன் உரிமை (lien) பதியலாம். அபராதத்தை வெச்சு கோர்ட்டுக்குப் போகாம வீட்டை ஏலம் விட முடியாது. மாதக் கட்டணமும் அபராதமும் வேற வேற கணக்கு.

இந்த 250 நிக்காது. கலிபோர்னியா சிவில் கோட் 5855-படி சங்கத்தோட போர்டு கூட்டத்துக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி தேதி, நேரம், இடம், என்ன மீறல், நீங்க வந்து பேசலாம்ங்கிற உரிமை எல்லாம் எழுதி அனுப்பியிருக்கணும். 2025 ஜூன் 30 முதல் ஒரு மீறலுக்கு உச்சவரம்பு 100 டாலர். அதைத் தாண்டணும்னா உடல்நலம், பாதுகாப்புக்குக் கேடுன்னு போர்டு திறந்த கூட்டத்தில் எழுத்தில் பதியணும். தோரணத்தால என்ன கேடு வந்துடும்!

சங்கத்தோட வருஷாந்தரக் கொள்கை அறிக்கையில் இருக்கிற முகவரிக்கு எழுதுங்க: 5855-படி விசாரணை நடக்கலை, அபராத அட்டவணையின் நகல் வேணும், 5915-படி நேரில் பேசித் தீர்க்கணும். கடைசியா சொன்னதை அவங்க மறுக்க முடியாது, உங்களுக்குச் செலவும் கிடையாது.

பதில் 2:
நாலையும் பிரிச்சுப் பாருங்க சார். அதே சிவில் கோட்ல 4706 பிரிவு கதவு, நிலை ரெண்டுல இருக்கிற சமயப் பொருளுக்குத்தான் காப்பு. மொத்த அளவு 36க்கு 12 அங்குலம், அதாவது 432 சதுர அங்குலத்துக்குள்ள இருக்கணும், கதவு திறக்க இடைஞ்சல் கூடாது. 40 அங்குல நிலையில் 8 அங்குலம் தொங்குற தோரணம் 320தான். சுவர் ஓட்டுக்கு அந்தக் காப்பு இல்லை, நிலைக்கு மாத்துங்க, மீதி 112-க்குள்ள அடங்கணும். ஸ்டாண்டுக்கு 4750.10 இருக்கு, ஆனா பின்முற்றம் உங்க தனி உபயோகத்துக்கு ஒதுக்கினதா இருக்கணும். பால்கனிக் கம்பியில் போட்டா செல்லாது. கோலம் பொது இடத்துல இருக்கு, அதுல வாதாட இடமில்லை.

கேட்டவர்:
இப்போ முறைப்படி விசாரணை வெச்சு நாலு மீறல், 400 டாலர்னு போட்டா?

பதில் 2:
போட முயற்சி பண்ணலாம். ஆனா கூட்டத்துக்கு முன்னாடி சரிசெஞ்சதுக்கு அபராதம் போடக்கூடாதுன்னு அதே 5855 சொல்லுது. அறிவிப்பு வந்ததும் கோலத்தைக் கழுவி, பிள்ளையார் ஓட்டை நிலைக்கு மாத்தி, தேதியோட போட்டோ அனுப்பிடுங்க. தோரணத்தையும் ஸ்டாண்டையும் எடுக்காதீங்க. முடிவை 14 நாளுக்குள் எழுத்தில் தரணும்.