புற்றுநோய் நேரத்தோட பிடிபட்டதா, பிந்தினதா? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

மண்டூரான்:
எங்கட மாமி சோறில்லாட்டியும் இருப்பா, வெத்திலை இல்லாம இருக்கமாட்டா. திருவிழாவில வடை குடுத்தன். பிச்சுப் பிச்சு வாய்க்குள்ள தள்ளுறா. "பல்லு நோவுது மனே" எண்டா. விரலை வச்சுப் பாருங்க எண்டன். மூண்டு விரல் போகணும், ரெண்டுக்கே இறுகுது. உள்கன்னம் வெளிறி நார்நாரா இருக்கு. கறி எரியுது எண்டு கனகாலமா பழஞ்சோறுதானாம், ஒருத்தருக்கும் சொல்லல்ல. வாய் எரிச்சலுக்கெல்லாம் வாவியைக் கடக்கிற பாதைப் படகில ஏறிக் குருமண்வெளிக்குப் போய், அங்கால பஸ் பிடிச்சு ஆரு போவா? பல் டாக்குத்தர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினவர். புற்றில்ல, அதுக்கு முந்தின நிலையாம். பிச்ச வடை இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

காரைதீவான்:
புகையிலை போட்டாத்தான் அது வரும். எங்கட அம்மம்மா வெறும் பாக்கு வெத்திலைதான், 90 வயசு வரைக்கும் இருந்தவ.

வயல்காரன்:
அம்மம்மா கதையை விடுங்க தம்பி. பாக்குத் தனியவே புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004லயே எழுதிப்போட்டுது. இலங்கையில ஆம்பிளையளுக்குக் கூட வாறது வாய்ப்புற்றுத்தான். எங்கட வயலில வேலை செய்த அண்ணன் நாக்குப் புண்ணுக்குத் தேன் பூசிப் பூசியே இருந்தார். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகக்குள்ள கழுத்தில கட்டி. அதால சொல்றன்: மாசத்துக்கு ஒருக்காக் கண்ணாடிக்கு முன்னால நாக்கை நீட்டி, கன்னத்தை இழுத்து, நாக்குக்குக் கீழயும் பாருங்க. வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, ரெண்டு கிழமையில ஆறாத புண், எது கண்டாலும் பல் டாக்குத்தரிட்டக் காட்டுங்க. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியிலயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கு, எடுத்ததுக்கெல்லாம் கொழும்புக்கு ஓடத் தேவையில்ல.

அக்கரைப்பற்று ராத்தா:
வாயை மட்டும் பேசுறீங்க. 35 வயசானா சுகவனிதையர் கிளினிக்கில பாப் டெஸ்ட் காசில்லாம எடுப்பாங்க, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றைப் பார்க்க. நான் போகல்ல எண்டு மருத்துவமாது வீட்டுக்கே வந்துட்டா. "நோவு ஒண்டுமில்லாம என்னத்துக்குக் காட்டணும்?" எண்டு உம்மா கேட்டா. "நோவு வந்த பொறகு நான் பார்த்து வேலையில்ல உம்மா" எண்டு சென்னா. உம்மா பேச்சில்ல. போனன், எடுத்தாங்க. மாசக்கணக்கா ரிசல்ட் வரல்ல. கேட்டா, "பிரச்சினை எண்டாத்தான் கூப்பிடுவம்" எண்டுறாங்க. பிரச்சினை இல்லையா, துண்டு தொலைஞ்சிட்டுதா, எனக்கு எப்படித் தெரியும்?

வயல்காரன்:
தங்கச்சி, திரும்பப் போய் ரிசல்ட்டைக் கையில வாங்குங்க. பொம்புளப் புள்ள இருந்தா, ஆறாம் வகுப்பில பள்ளிக்கூடத்தில போடுற எச்.பி.வி. ஊசியையும் விடாதீங்க, அதே புற்றைத் தடுக்கிற ஊசிதான் அது.

அக்கரைப்பற்று ராத்தா:
நான் ஊசி கேட்கல்ல காக்கா, ரிசல்ட்டைக் கேட்டன்.

காரைதீவான்:
அப்ப பாக்கில்லாம வெத்திலை போடலாமா?

மண்டூரான்:
மாமியும் டாக்குத்தரிட்ட இதைத்தான் கேட்டவ. முதல்ல பாக்கையும் புகையிலையையும் விடச் சொன்னவர். விட்டுட்டன் எண்டுதான் சொல்றா, மடியைத்தான் தடவிப் பார்க்க விடுறா இல்ல.