கோயிலை விட்டுப் போன பிள்ளைங்களுக்காக, வீட்டுக்காரங்களுக்காக செபம் பண்றவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

கிருஷ்ணகிரிக்காரன்:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ஆகஸ்ட் 27 புனித மோனிக்கா திருநாள் வருதில்ல, அத வெச்சு எங்க அன்பியக் கூட்டத்துல (பங்குல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து செபிக்கற குழு) பேச்சு ஆரம்பிச்சது நிக்கவே இல்ல, ஏன்னா அங்க உக்காந்திருந்த எல்லார் வீட்லயும் இப்படி ஒருத்தர் இருக்காங்க. பெங்களூர் போய் பூசைய விட்ட பையன், கடை திறக்கறதுக்கு முன்னாடியே டாஸ்மாக் வாசல்ல நிக்கற வீட்டுக்காரர், கத்தோலிக்க கோயில விட்டு வேற கிறிஸ்தவ சபைக்குப் போயிட்ட தங்கச்சி, சாமியே இல்லைன்னு சொல்ற மருமகன். அதான் இங்க கேக்கறேன், உங்க வீட்ல என்ன நடந்துச்சு. அற்புதம் நடந்தவங்க மட்டும் எழுதாதீங்க தயவுசெஞ்சு, ஒண்ணுமே நடக்காதவங்களும் எழுதுங்க.

மோனிக்கா கதைய பிரசங்கத்துல ரெண்டு வரில முடிச்சிடறாங்க, அம்மா அழுதாங்க மகன் அகுஸ்தீனார் புனிதர் ஆயிட்டார்னு. அந்த மகனே எழுதி வெச்சத படிச்சா கதை வேற மாதிரி இருக்கு. மானின்னு ஒருத்தர் பாரசீகத்துல ஆரம்பிச்ச மதத்துல பையன் சேந்ததும் அந்தம்மா அவன வீட்லயே சேக்கல, ஒண்ணா உக்காந்து சாப்பிடக்கூட விடல. அப்புறம் ஒரு கனவு கண்டு மனசு மாறி திரும்ப சேத்துக்கறாங்க. கவனிங்க, பையன் திருந்தினதுக்கு அப்புறம் இல்ல, திருந்தறதுக்கு ஒம்பது வருஷம் முன்னாடி. ஒரு ஆயர்கிட்ட போய் எம்பையன்கிட்ட பேசுங்க பேசுங்கன்னு நச்சரிக்கறாங்க. அவரும் சின்ன வயசுல அதே மானி கூட்டத்துல வளந்தவர்தான், இருந்தும் முடியாதுன்னுட்டார். இப்ப சொன்னா கேக்கமாட்டான், விட்டுடுங்க, ஆண்டவர்கிட்ட மட்டும் கேளுங்க, படிச்சுப் படிச்சு அவனே கண்டுபிடிப்பான்னு சொல்றார். இந்தம்மா விடாம அழ, அவரும் கொஞ்சம் சலிச்சுப்போய், போங்கம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிள்ளையா இருக்கறவன் அழிஞ்சுபோக முடியாதுன்னார். இந்தக் கடைசி வரிய எல்லாரும் சொல்றோம், அதுக்கு முன்னாடி சொன்ன "விட்டுடுங்க"வ யாரும் சொல்றதில்ல.

பர்கூர் மருமக:

எங்க வீட்ல செபம் பண்றது எங்க மாமியார். யாருக்காகன்னா அவங்க பையன், அதாவது எங்க வீட்டுக்காரர். கிரானைட் கம்பெனில வேலை, சம்பளம் வந்த அன்னிக்கு வீட்டுக்கு வரமாட்டாரு. இதுல கொடுமை என்னன்னா தவக்காலம் பூரா தொடமாட்டாரு, வேளாங்கண்ணிக்கு மாலை போட்டா தொடமாட்டாரு, செப்டம்பர் 8 திருநாள் முடிஞ்சு பஸ் ஏறினதும் ஆரம்பிச்சிடுவாரு. நான் கேப்பேன், மாதாவுக்கு பயந்து அத்தன நாள் இருக்க முடியுதே, புள்ளைங்களுக்கு பயந்து இருக்க முடியலியான்னு.

மாமியார் மாசாமாசம் பங்கு ஆபீஸ்ல பூசைக்கருத்து, அதாவது இன்ன காரியத்துக்காக பூசை ஒப்புக்கொடுங்கன்னு, எழுதிக் குடுப்பாங்க. பேர் போட்டா பூசைக்கு முன்னாடி வாசிப்பாங்க, ஊரே கேக்கும்னு "ஒரு மகனின் மனமாற்றத்திற்காக"ன்னு மட்டும் எழுதுவாங்க. அப்படியும் ஊருக்கே தெரியும், அதுவேற விஷயம். ஒரு கிறிஸ்துமஸ் பக்கத்துல இவரும் பூசைல இருந்தாரு, வாசிச்சாங்க, வீட்டுக்கு வந்து களி சாப்பிட உக்காந்தப்ப "யாரும்மா அந்த மகன்"னாரு. அவங்க நிமிந்துகூட பாக்காம "கருத்து குடுத்தவங்களுக்குத்தான் தெரியும், சாப்பிடு"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு.

இப்ப குடிக்கறதில்ல. உடனே அல்லேலூயா போட்டுறாதீங்க, நடுவுல வயிறு வீங்கி ஆஸ்பத்திரில படுத்து, டாக்டர் இன்னொரு தடவ குடிச்சா இங்க கூட்டிட்டு வராதீங்கன்னு திட்டி, மறுவாழ்வு மையத்துல போட்டு, வந்து திரும்ப குடிச்சு, மறுபடி போட்டு, அப்படித்தான் நின்னுச்சு. மாமியார் மாதான்னு சொல்றாங்க, நான் டாக்டர்ங்கறேன், அவரக் கேட்டா ரெண்டும் இல்ல எனக்கே வெறுத்துப்போச்சுங்கறாரு. ஆனா மாமியார் கருத்து குடுக்கறத நிறுத்தல, அது எனக்கு ஆச்சரியம்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். மோனிக்காவோட புருஷன் பத்ரீசியூஸ் கோவக்காரர், அவங்க பொறுத்துப் பொறுத்து அவரையும் கடைசில ஞானஸ்நானம் வாங்க வெச்சாங்கன்னு தாய்மார் கூட்டத்துல சொல்வாங்க. உண்மைதான். ஆனா அடி வாங்கற பொண்ணுகிட்ட போய் அத சொல்லாதீங்க. அவளுக்கு மொதல்ல அம்மா வீடு, அப்புறம் போலீஸ், செபம் எங்க இருந்து வேணா பண்ணிக்கலாம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

நான் அந்தப் பக்கத்து ஆளு, அதாவது யாருக்காக செபம் பண்றாங்களோ அந்த மகன். சொந்த ஊர் கோவிலூர், பழைய கிறிஸ்தவ ஊரு, கோயில் மணி சத்தத்துலதான் வளந்தேன், பீடத்துல உதவியும் பண்ணிருக்கேன். சிப்காட்ல வேலைக்கு வந்து நாலு பேரப் பாத்து நாலு புக் படிச்சு, எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. சண்ட போட்டுட்டு போகல, மெதுவா போயிடுச்சு. அம்மா தினமும் போன் பண்ணி மொத கேள்வியே பூசைக்கு போனியா. போகலம்மான்னு சொன்னா அந்தப்பக்கம் ஒரு மூச்சு கேக்கும், அதுதான் கஷ்டம், திட்டினாக்கூட பரவால்ல.

லீவுல ஊருக்கு போனப்ப ஒரு வயசான ஃபாதர்கிட்ட நேராவே கேட்டேன். உங்க மதம் மட்டும்தான் உண்மைன்னு சொல்றீங்க, அப்ப எனக்கு உண்மையா படாதத நான் எப்படி நம்பறது, நடிக்கணுமான்னு. அவர் கோவப்படல. 1965ல வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பத்தி ஒரு ஏடு போட்டுச்சு தம்பி, உண்மை தன்னோட பலத்தால மட்டும்தான் ஒரு மனுசனோட மனசுக்குள்ள வரும், மெல்லவும் வரும் வலுவாவும் வரும், ஆனா வெளிய இருந்து திணிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு, நீ நடிச்சீன்னா அது உனக்கும் அவமானம் அவருக்கும் அவமானம்னாரு. அவர்னு மேல கைய காட்டினாரு. அம்மாகிட்டயும் என்னமோ சொல்லிருக்கார் போல, அதுக்கப்புறம் அந்த மொத கேள்வி மாறி சாப்டியான்னு வந்துடுச்சு.

இப்ப ஊருக்குப் போனா ராத்திரி செபமாலைல நானும் உக்காருவேன். நம்பிக்கை வந்துச்சான்னு கேக்காதீங்க, வரல. அவங்க பாதி சொல்லி நிறுத்துவாங்க, மிச்சப் பாதிக்கு ஆள் வேணும், எங்கப்பாவும் இல்ல இப்ப, அதுக்காக சொல்றேன்.

கிருஷ்ணகிரிக்காரன்:

தம்பி நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு சந்தேகம், திணிக்கக் கூடாதுன்னா அவனவனுக்கு தோணினது அவனவனுக்கு உண்மைன்னு ஆயிடாதா? உபதேசியாரய்யா இருந்தா சொல்லுங்க.

மத்திகிரி அக்கா:

அவரு வர்றதுக்குள்ள எங்க வீட்டு கூத்த சொல்லிடறேன், இதே கேள்விதான்.

எந்தங்கச்சி ஓசூர்ல ஒரு சபைக்கு போறா. போனது மட்டும் இல்ல, தொட்டியில முங்கி இன்னொரு வாட்டி ஞானஸ்நானமும் எடுத்துட்டா. எங்கம்மாவுக்கு அவ வேற சபைக்கு போனதவிட அதுதான் பெரிய அடி, அப்ப நான் கைக்குழந்தைல தூக்கிட்டுப்போய் குடுத்தது என்னடின்னு கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. அவ வீட்டுக்கு வந்தா மாதா சுரூபத்த பாத்து விக்கிரகம்பா, செபமாலைய பாத்து மத்தேயு 6ல பிதற்றாதீங்கன்னு இருக்கேம்பா. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, ஆனா காதால கேட்டதெல்லாம் மனப்பாடம். "கெத்சமனி தோட்டத்துல ஆண்டவரு மூணாவது தடவையும் அதே வார்த்தய சொல்லி வேண்டினாருன்னு அதே மத்தேயுதான்டி சொல்றாரு, அவரு பிதற்றினாரா"ன்னு கேட்டாங்க பாருங்க, நான் அடுப்படியில இருந்து கைதட்டிட்டேன்.

இதுல சிரிப்பு என்னன்னா அவ லீவுக்கு வந்து தங்கினா, ராத்திரி ஹால்ல அவ முட்டி போட்டு அந்நிய பாஷைல சத்தமா ஜெபம் பண்றா, அம்மா உண்மைய அறியணும் ஆண்டவரேன்னு. உள் ரூம்ல அம்மா முட்டி போட்டு 53 மணி சொல்றாங்க, எம்மக உண்மைக்கு திரும்பணும் தாயேன்னு. ஒரே வீடு, ஒரே ஆண்டவரு, ஒருத்தி இன்னொருத்திக்காக, நான் நடுவுல யாரு வழி தவறினதுன்னு புரியாம பாய் விரிக்கறேன். எனக்கு கத்தோலிக்க கோயில்தான், அதுல சந்தேகம் இல்ல, நற்கருணைய விட்டுட்டு என்னால இருக்க முடியாது. ஆனா எந்தங்கச்சி அளவுக்கு நான் பைபிள் படிக்கறேனான்னா இல்ல. அவ போனதுக்கு காரணமே, அவ புருசன் விட்டுட்டுப் போனப்ப எங்க தெருவுல யாரும் எட்டிப் பாக்கல, சபைல இருந்து அரிசி மூட்டையோட வந்தாங்க. கோயில்ல எல்லாரும் வழி தவறினவங்களுக்காக மன்றாடுவோம்னு பாடினோம், அவ வீட்டு கதவ தட்டினது யாரு?

பழைய உபதேசியார்:

சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். கண்ணு சரியில்ல, பேரன் டைப் பண்றான், தப்பு இருந்தா அவனத் திட்டுங்க.

சேலத்துல இருந்து 1997ல தர்மபுரி மறைமாவட்டம் பிரியறதுக்கு முன்னாடியே உபதேசியார் வேலைக்கு, அதாவது ஊர் ஊரா போய் செபமும் மறைக்கல்வியும் சொல்லிக்குடுக்கற வேலைக்கு, வந்தவன் நான். பாலக்கோடு, பென்னாகரம், அஞ்செட்டி மலைன்னு சைக்கிள்ல சுத்தினவன்.

கிருஷ்ணகிரி தம்பி கேட்டதுக்கு: ஓசூர் தம்பிகிட்ட ஃபாதர் சொன்னது பாதி ஏடு. மிச்சப் பாதியும் அதுலயே இருக்கு, உண்மையத் தேடறது ஒவ்வொரு மனுசனுக்கும் கடமை, கண்டுபிடிச்சா அத பிடிச்சுக்கறதும் கடமை. உண்மை ஒண்ணுதான், ஆளுக்கு ஒண்ணு இல்ல. ஆனா தேடறவன் கைய முறுக்கக் கூடாது. மோனிக்கா காலத்துல அந்த ஆயர் செஞ்சதும் இதுதானே. பையன் தானே படிச்சு, ஏமாந்து, மிலான்ல ஆயர் அம்புரோசியார் பிரசங்கத்த மொதல்ல பேச்சுத்திறமைக்காக மட்டும் கேட்டு, அப்புறம் விஷயத்துக்காக கேட்டு, 387 பாஸ்கா இரவுல ஞானஸ்நானம் வாங்கும்போது வயசு 32. அம்மா அதே வருஷம் ஒஸ்தியாவுல செத்துப்போறாங்க.

மத்திகிரி அம்மாவுக்கு: தங்கச்சி சின்னப்புள்ளையா வாங்கின ஞானஸ்நானம் அழியாது, தொட்டியில முங்கினாலும் ஆத்துல முங்கினாலும். ரெண்டாவது ஞானஸ்நானம்னு ஒண்ணு கிடையாது. அம்மாகிட்ட சொல்லுங்க, நீங்க கைக்குழந்தைல குடுத்தது அப்படியே இருக்குன்னு. அரிசி மூட்டை விஷயம், அது எங்க எல்லாருக்கும் உறைக்கணும்.

புனித தெரேசம்மா, பிரான்ஸ்ல லிசியே ஊரு, 1887ல பிரான்சினின்னு ஒரு கொலைகாரனுக்காக செபம் பண்ணினது தெரியுமா. மூணு பேரக் கொன்ன வழக்கு, அவன் பாவசங்கீர்த்தனமே பண்ணல. அவங்களுக்கு அப்ப 14 வயசு. தலைய வெட்டற நேரத்துல குருவானவர் நீட்டின பாடுபட்ட சுரூபத்த வாங்கி மூணு தடவ முத்தம் குடுத்தான்னு பேப்பர்ல படிச்சு அழுதாங்க. நான் ஜெயில் பக்கம் எல்லாம் போனதில்ல, ஆனா சாராயம் காய்ச்சினவங்க வீட்ல போய் செபம் சொல்லும்போது இதத்தான் நினைச்சுக்குவேன்.

தர்மபுரி டவுன்:

திரி ஆரம்பிச்ச அண்ணன் ஒண்ணும் நடக்காதவங்களும் எழுதுங்கன்னு சொன்னதால எழுதறேன். எங்கண்ணன் தொப்பூர் கணவாய்ல லாரி மோதி போயிட்டான். கோயிலுக்கு வந்து வருஷக்கணக்கா ஆயிருந்துச்சு, சாகப்போறவங்களுக்கு குருவானவர் எண்ணெய் பூசற அவஸ்தைபூசுதல் குடுக்கக்கூட நேரமில்ல. எங்கம்மா அடக்கம் முடிஞ்ச ராத்திரி கேட்டாங்க, நான் சொன்ன செபமால எல்லாம் எங்க போச்சுடான்னு. யாருக்கும் பதில் தெரியல. வந்தவங்க எல்லாம் கடவுளோட சித்தம்னு சொன்னாங்க, அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க.

அப்புறம் பங்கு ஃபாதர் ஒரு நாள் சும்மா வந்து காபி குடிச்சிட்டு பிரான்ஸ்ல பங்கு குருவா இருந்த புனித ஜான் மரிய வியான்னி கதைய சொன்னார். புருஷன் பாலத்துல இருந்து குதிச்சு செத்துப்போன ஒரு பொண்ணு அவருகிட்ட வந்தப்ப, பாலத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல அவருக்கு மனஸ்தாபப்பட நேரம் இருந்துச்சும்மான்னு சொன்னாராம். கடவுளுக்கு நேத்து இன்னிக்கு கிடையாது, நீங்க இன்னிக்கு சொல்ற செபமும் அந்த லாரி நிமிஷத்துக்கு போய்ச் சேரும், அதுக்காகத்தானே செத்தவங்களுக்காக செபிக்க நவம்பர் 2ன்னு ஒரு நாளே திருச்சபை வெச்சிருக்குன்னார். அம்மா நம்பினாங்களான்னு எனக்கு தெரியாது. ஆனா செபமாலை திரும்ப ஆரம்பிச்சாங்க, இப்ப அண்ணன் பேரச் சொல்லி, முன்னாடி அவன திருத்துன்னு சொல்வாங்க, இப்ப அவன பாத்துக்கோன்னு. கோவம் மட்டும் போகல. செபத்துல நடுவுல நிறுத்தி ஆண்டவர்கிட்ட சண்ட போடுவாங்க, அப்புறம் விட்ட மணில இருந்து தொடருவாங்க.

பர்கூர் மருமக:

தம்பி, உங்கம்மா சண்ட போடறது தப்பே இல்ல. லூக்கா 18ல இயேசு சொன்ன கதைல நியாயம் கேட்டு விடாம போன அந்த கைம்பெண்ணும் நடுவர்கிட்ட சண்டதான போட்டா.

ஊத்தங்கரை அம்மா:

எல்லாத்தயும் படிச்சேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி உபதேசியாரய்யா. எம்மக இந்து பையன கட்டிக்கிட்டு போயிட்டா, நல்ல பையன்தான், அவனுக்கு இப்ப கிட்னில பிரச்சன. அவன் கிறிஸ்தவன் இல்லியே, அவன் பேர்ல பூசைக்கருத்து குடுக்கலாமா, ஃபாதர் திட்டுவாரா?

பழைய உபதேசியார்:

தாராளமா குடுக்கலாம் தாயி. உயிரோட இருக்கறவங்க செத்தவங்க யாருக்காக வேணா பூசை ஒப்புக்கொடுக்கலாம்னு திருச்சபை சட்டத்துலயே இருக்கு, 901ன்னு நினைவு, கிறிஸ்தவங்களுக்கு மட்டும்னு இல்ல. பேரையும் முழுசா எழுதிக் குடுங்க. மருமகன்கிட்டயும் மகள்கிட்டயும் சொல்லிட்டு குடுங்க, அவங்க வந்து உக்காரணும்னு ஆசப்பட்டா கடைசி பெஞ்சுல இல்ல, உங்க பக்கத்துல உக்கார வைங்க. திங்க செவ்வா நாள்ல குடுத்தா கூட்டம் இருக்காது, பங்கு ஆபீஸ் காலைல பூசை முடிஞ்சதும் திறந்திருக்கும்.